சம்பளத்துல ஃப்ளெக்ஸி பெனிஃபிட் பிளான்: எதுக்கு வரி உண்டு, எதுக்கு இல்ல, புதுசா வேலைக்குச் சேர்றவங்க என்ன பண்ணணும்

ஆஃபர் லெட்டர்ல ஒரு சிடிசி (கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்குச் செலவு பண்ற மொத்தத் தொகை) அட்டவணை இருக்கும், பேசிக் (அடிப்படைச் சம்பளம்), எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி)னு வரிசையா போய் நடுவுல ஃப்ளெக்ஸி பெனிஃபிட் பிளான், இல்லன்னா எஃப்பிபி பாஸ்கெட்னு ஒரு தொகை போட்டிருப்பாங்க. சேர்ந்த கொஞ்ச நாள்லயே எச்ஆர் போர்ட்டல்ல இருந்து மெயில் வரும், இந்தத் தேதிக்குள்ள உங்க பாஸ்கெட்டைப் பிரிச்சு டிக்ளேர் பண்ணுங்கன்னு. உள்ள போனா சாப்பாட்டு கார்டு, போன் பில், எல்டிஏ (லீவுப் பயணப் படி), கார் லீஸ், புத்தகம், யூனிஃபார்ம், என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்)னு கட்டம் கட்டமா இருக்கும். முதல் வேலையில சேர்ற பசங்க பாதிப் பேர் இது என்னன்னே புரியாம அப்படியே விட்டுடறாங்க, மீதிப் பேர் வரி மிச்சம்னு யாரோ சொன்னதைக் கேட்டு எல்லாக் கட்டத்தையும் முழுசா நிரப்பிடறாங்க. ரெண்டுலயும் உங்க பணம்தான் போகுது, அதனால கொஞ்சம் பொறுமையா இதைப் படிங்க. இதுல வர்ற தொகை, விகிதம் எல்லாமே இந்தியாவுல 2025-26 நிதியாண்டுக்கு உள்ளது, 1961 வருமான வரிச் சட்டப்படி. 2026 ஏப்ரல் 1-லேர்ந்து வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருது, பிரிவு எண், ஃபார்ம் எண் எல்லாம் மாறும், அதனால அந்தத் தேதிக்குப் பிறகு வர்ற சம்பளத்துக்குத் தொகைகளை ஒரு தடவை சரிபார்த்துட்டு இறங்குங்க. யோசிக்கற முறை மட்டும் எப்பவும் ஒண்ணுதான்.

முதல்ல இதைப் புரிஞ்சுக்கோங்க: இது கூடுதல் பணம் இல்ல

பாஸ்கெட்ல 2 லட்சம் போட்டிருந்தா கம்பெனி சம்பளத்துக்கு மேல 2 லட்சம் சலுகை தருதுன்னு நினைக்காதீங்க. அது உங்க சிடிசிக்குள்ளயே இருக்கற உங்க பணம். அதைச் சம்பளமா வாங்கறதா, இல்ல போன் பில்லா சாப்பாட்டு கார்டா வாங்கறதான்னு முடிவு பண்ற உரிமையைத்தான் கம்பெனி உங்களுக்குக் கொடுக்குது. சட்டம் இதை எப்படிப் பார்க்குதுன்னா, முதலாளி கிட்டேர்ந்து வேலைக்காக வர்றது எல்லாமே சம்பள வருமானம், காசா வந்தாலும் சரி வசதியா வந்தாலும் சரி. வசதியா வர்றதுக்கு பெர்க்விசிட்னு பேரு, அதுக்கு ஒரு மதிப்புப் போட்டு வருமானத்துல சேர்க்கணும், பிரிவு 17(2)-ல அது இருக்கு, மதிப்பு எப்படிப் போடணும்னு வருமான வரி விதிகள்ல விதி 3 சொல்லுது. ஆக எல்லாத்துக்கும் வரி உண்டுன்னு ஆரம்பிச்சு, எதுக்கெல்லாம் சட்டத்துல விலக்கு இருக்குன்னு தேடிப் போகணும். நிறைய பேர் இதைத் தலைகீழா நினைச்சுக்கறாங்க, எஃப்பிபில போட்டாலே வரி கிடையாதுன்னு. ஃப்ளெக்ஸி பெனிஃபிட்னு சட்டத்துல தனியா ஒரு விலக்கே இல்ல, உள்ள இருக்கற ஒவ்வொரு ஐட்டமும் அது அதோட சொந்தக் கால்ல நிக்கணும்.

அதனால ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்கும்போது மூணு கேள்வி கேளுங்க. இதுக்குச் சட்டத்துல விலக்கு இருக்கா? நான் எடுக்கப்போற வரி முறையில அந்த விலக்கு செல்லுமா? நான் நிஜமாவே அந்தச் செலவைப் பண்ணி பில்லு காட்டுவேனா? மூணுக்கும் ஆமான்னு வந்தாத்தான் அதுல பணம் போடணும், ஒண்ணுக்கு இல்லன்னு வந்தாலும் அந்தக் கட்டத்துல பூஜ்யம்.

ரெண்டாவது: வரி முறையை முடிவு பண்ணாம பாஸ்கெட்டைத் தொடாதீங்க

2023-24 நிதியாண்டுலேர்ந்து புதிய வரி முறைதான் டிஃபால்ட். நீங்க ஒண்ணுமே சொல்லலன்னா கம்பெனி புது முறைப்படிதான் டிடிஎஸ் (சம்பளத்துலேர்ந்து முன்கூட்டியே கழிக்கற வரி) பிடிக்கும். புது முறையில 4 லட்சம் வரை வரி இல்ல, 4-லேர்ந்து 8 வரை 5 சதவீதம், 12 வரை 10, 16 வரை 15, 20 வரை 20, 24 வரை 25, அதுக்கு மேல 30. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (பில்லு எதுவும் கேட்காம சம்பளத்துலேர்ந்து கழிக்கற தொகை) 75,000. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டலன்னா பிரிவு 87ஏ தள்ளுபடியில வரியே பூஜ்யம் ஆயிடும், அதனாலதான் 12.75 லட்சம் சம்பளம் வரை வரி இல்லன்னு எல்லாரும் சொல்றது.

பழைய முறையில 2.5 லட்சம் வரை இல்ல, 5 வரை 5 சதவீதம், 10 வரை 20, அதுக்கு மேல 30, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000. ரெண்டு முறையிலயும் வரிக்கு மேல 4 சதவீதம் செஸ். விகிதம் அதிகமா இருந்தாலும் பழைய முறையில எச்ஆர்ஏ, எல்டிஏ, 80சி (பிஎஃப், ஆயுள் இன்ஷூரன்ஸ் மாதிரி சேமிப்பு), 80டி (மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம்) எல்லாம் கழிச்சுக்கலாம், புது முறையில இதெல்லாம் கிடையாது. எஃப்பிபி கட்டங்கள்ல பாதிக்கு மேல பழைய முறைக்குன்னு உருவானது, இதைச் சொல்லாமலே நிறைய கம்பெனி போர்ட்டல்ல ரெண்டு முறைக்கும் ஒரே பட்டியலைக் காட்டறாங்க. புது முறையை எடுத்துட்டு எல்டிஏல 60,000 போட்டா ஒரு ரூபா கூட மிச்சம் ஆகாது, மாசாமாசம் கைக்கு வர வேண்டிய காசுதான் தள்ளிப்போகும்.

கம்பெனிகிட்ட நீங்க சொல்ற முறை டிடிஎஸ் பிடிக்கறதுக்கு மட்டும்தான். சம்பளம் மட்டும் வாங்கறவங்க ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது மாத்திக்கலாம், ஆனா பழைய முறை வேணும்னா கெடு தேதிக்குள்ள ஃபைல் பண்ணியே ஆகணும், தாமதமா போட்டா புது முறைதான். பிசினஸ் வருமானமும் இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி வருஷா வருஷம் மாறி மாறிப் போற வசதி இல்ல.

மூணாவது: புது முறையில என்னென்ன உதவும்

பட்டியல் சின்னது, ஆனா இப்ப பெரும்பாலானவங்க இந்த முறையிலதான் இருக்காங்க, அதனால இதைத்தான் நல்லாப் பார்க்கணும்.

ரொம்ப பலமானது கம்பெனி வழியா போற என்பிஎஸ். பிரிவு 80சிசிடி(2)-படி முதலாளி உங்க என்பிஎஸ் கணக்குல போடற பணத்தை, பேசிக்கும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்த தொகையில 14 சதவீதம் வரைக்கும் வருமானத்துலேர்ந்து கழிச்சுக்கலாம். தனியார் கம்பெனி ஊழியர்களுக்கு இது 2024-25-லேர்ந்து 14 ஆச்சு, பழைய முறையில இருந்தா இன்னும் 10 சதவீதம்தான். இதை முதலாளிதான் போடணும், நீங்க உங்க பேங்க் கணக்குலேர்ந்து என்பிஎஸ்ல போட்டா புது முறையில அதுக்கு ஒரு கழிவும் இல்ல. வருஷக் கடைசியில ஞாபகம் வந்து நானே கட்டிக்கறேன்னு சொல்ல முடியாது, பேரோல் வழியா மட்டும்தான் வழி. இன்னொண்ணு, முதலாளி போடற பிஎஃப், என்பிஎஸ், சூப்பர்ஆன்யுவேஷன் (கம்பெனியோட ஓய்வு நிதி) மூணும் சேர்ந்து வருஷத்துக்கு 7.5 லட்சத்தைத் தாண்டினா தாண்டின தொகை பெர்க்விசிட்டா வரிக்கு வந்துடும், அந்தத் தாண்டின பணம் சம்பாதிக்கற வருமானத்துக்கும் வரி. பெரிய சம்பளக்காரங்க இதைக் கவனிக்கணும். எல்லாத்துக்கும் மேல, இது ஓய்வு காலத்துக்கான பணம், நினைச்ச நேரத்துல எடுக்க முடியாது. கல்யாணம், வீட்டு அட்வான்ஸ், அப்பா அம்மாவோட கடன்னு பக்கத்துல செலவு வருதுன்னா வரி மிச்சமாகுதேன்னு 14 சதவீதத்தையும் இதுல கொண்டுபோய்ப் பூட்டாதீங்க. 5 சதவீதம், 8 சதவீதம்னு போடவும் சில கம்பெனி விடறாங்க, கேட்டுப் பாருங்க.

அடுத்தது போன் பில். ஊழியர் சார்புல முதலாளி கட்டற போன் செலவு, மொபைலும் சேர்த்து, பெர்க்விசிட் மதிப்பு பூஜ்யம்னு விதி 3 சொல்லுது, எந்த வரி முறைன்னு அதுல பாகுபாடு இல்ல. கம்பெனிகள் பிராட்பேண்டையும் இதோடவே சேர்த்துத் தர்றாங்க. பில் உங்க பேர்ல இருக்கணும், நிஜமா ஆன செலவா இருக்கணும். மாசம் 700 ரூபா பில் வர்றவங்க 3,000 போட்டு வைக்கறதுல அர்த்தம் இல்ல.

கம்பெனி எடுக்கற குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் ரெண்டு முறையிலயும் உங்க வருமானத்துல சேராது. கிஃப்ட் வவுச்சர் வருஷத்துக்கு மொத்தம் 5,000-க்குள்ள இருந்தா வரி இல்ல, காசாவோ அக்கவுண்டுக்கோ வந்தா அது கிஃப்ட் இல்ல, சம்பளம். கம்பெனி தன் பேர்ல வாங்கி உங்க உபயோகத்துக்குத் தர்ற லேப்டாப், கம்ப்யூட்டருக்கு பெர்க்விசிட் மதிப்பு கிடையாது. ஆனா அதே பொருள் பின்னாடி உங்க பேருக்கு மாறினா அப்ப ஒரு மதிப்பு வரும், கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக் சாமான்களுக்கு உபயோகிச்ச ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் அப்போதைய மதிப்புல 50 சதவீதம் குறைச்சுட்டு, நீங்க கட்டின காசையும் கழிச்சு மீதிக்கு வரி.

சாப்பாட்டு கார்டுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஒரு வேளைக்கு 50 ரூபா வரை விலக்குங்கறது உண்மை, ஆனா வவுச்சர் அல்லது கார்டு வழியா வர்ற சாப்பாட்டுக்கு அந்த விலக்கு புது முறையில இல்லன்னு விதியிலயே எழுதியிருக்கு. புது முறைக்காரங்க இதுல பணம் போட்டா வரியும் கட்டி, காசையும் ஹோட்டல்ல மட்டும் செலவு பண்ற மாதிரி கட்டிப்போட்டுக்கறீங்க. தேவையே இல்ல.

நாலாவது: பழைய முறையா இருந்தா

இங்க கட்டங்கள் அதிகம், ஆனா எல்லாத்துலயும் பெரிய காசு இல்ல. எச்ஆர்ஏதான் பெருசு. கிடைச்ச எச்ஆர்ஏ, வாடகையில பேசிக்கோட 10 சதவீதத்தைக் கழிச்ச மீதி, பேசிக்ல 50 சதவீதம், இந்த மூணுல எது குறைவோ அது விலக்கு. 50 சதவீதங்கறது சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவுக்கு மட்டும், பெங்களூரு, ஹைதராபாத், கோவை எல்லாம் 40 தான். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா வீட்டு ஓனரோட பான் நம்பர் கேட்பாங்க. வீட்டுக்குப் போகும்போதே ஓனர்கிட்ட இதைப் பேசிடுங்க, ஜனவரியில போய்க் கேட்டா தகராறுதான் வரும். அப்பா அம்மா பேர்ல இருக்கற வீட்டுல இருந்துட்டு அவங்களுக்கு வாடகை கொடுக்கலாம், தப்பில்ல, ஆனா காசு நிஜமா பேங்க்ல போகணும், அவங்க கணக்குல அது வருமானமா காட்டப்படணும்.

எல்டிஏ நாலு காலண்டர் வருஷத்துக்கு ரெண்டு பயணம். 2022-லேர்ந்து 2025 வரைக்கும் ஒரு பிளாக், அடுத்தது 2026-லேர்ந்து 2029. முந்தின பிளாக்ல உபயோகிக்காத ஒரு பயணத்தை அடுத்த பிளாக்கோட முதல் வருஷத்துல எடுத்துக்கலாம். இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான், அதுலயும் டிக்கெட் காசு மட்டும், விமானம்னா எகானமி கிளாஸ் அளவுக்கு. ஹோட்டல், சாப்பாடு, உள்ளூர் டாக்சி எதுவும் வராது. அந்த நாள்கள்ல நீங்க லீவுல இருந்திருக்கணும். டூர் பேக்கேஜ் பில்லை மொத்தமா கொடுத்துட்டு டிக்கெட் விலை தனியாத் தெரியலன்னா கம்பெனி திருப்பி அனுப்பிடும், அதனால புக் பண்ணும்போதே பிரிச்சு பில் வாங்குங்க.

சாப்பாட்டு கார்டு இந்த முறையில செல்லும். வேளைக்கு 50, நாளைக்கு ரெண்டு வேளை, மாசம் 22 வேலை நாள்னு கணக்குப் போட்டு மாசம் 2,200 வரைக்கும் கம்பெனிகள் விடறாங்க, வருஷத்துக்கு 26,400. யூனிஃபார்ம், புத்தகம் மாதிரி அலவன்ஸ் எல்லாம் வேலைக்காக நிஜமா செலவான அளவுக்கு மட்டும் விலக்கு, கம்பெனியில டிரெஸ் கோட் இருக்கணும், பில்லும் வேணும். குழந்தைங்க கல்வி அலவன்ஸ் ஒரு குழந்தைக்கு மாசம் 100 ரூபா, ரெண்டு குழந்தை வரைக்கும், ஹாஸ்டலுக்கு 300. இந்தக் கட்டத்துல ரொம்ப நேரம் செலவழிக்காதீங்க, கல்வி அலவன்ஸை ரெண்டு குழந்தைக்கும் வருஷம் முழுக்கச் சேர்த்தாலே 2,400 தான் வருது.

மெடிக்கல் பில் 15,000 ரூபா வரை வரி இல்லன்னு யாராவது சொன்னா அது பழைய கதை. 2018-19-லயே அதையும் போக்குவரத்து அலவன்ஸையும் எடுத்துட்டு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கொண்டுவந்துட்டாங்க. இன்னமும் சில போர்ட்டல்ல அந்தக் கட்டம் இருக்கு, அதுல போடற பணத்துக்கு முழுசா வரி உண்டு.

கார் லீஸ் தனியாப் பார்க்க வேண்டிய விஷயம்

பாஸ்கெட்ல இருக்கறதுலயே பெரிய தொகை நகர்ற இடம் இதுதான், ரெண்டு முறையிலயும் செல்லும், ஏன்னா இது விலக்கு இல்ல, பெர்க்விசிட்டுக்கு மதிப்புப் போடற முறை. கம்பெனி தன் பேர்ல லீஸ் எடுத்த கார் உங்க கைக்கு வருது, லீஸ் வாடகை உங்க சிடிசிலேர்ந்து போகுது. ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்து ஓட்டினா, ஓட்டற செலவையும் கம்பெனியே பார்த்துக்கிட்டா, 1.6 லிட்டர் வரை என்ஜின்னா மாசம் 1,800, அதுக்கு மேலன்னா 2,400 மட்டும்தான் உங்க வருமானத்துல சேர்க்கற மதிப்பு, டிரைவர் வச்சா அதுக்கு மேல இன்னும் 900. பெட்ரோல், பராமரிப்பை நீங்களே பார்த்துக்கிட்டா அது 600, 900-னு இன்னும் குறையும்.

கணக்கு எப்படின்னா, மாசம் 30,000 லீஸ்னு வச்சுக்கோங்க, வருஷத்துக்கு 3,60,000 சம்பளத்துலேர்ந்து வெளிய போகுது, திரும்ப உள்ள வர்றது 21,600, நிகரமா 3,38,400-க்கு வரி இல்ல. 30 சதவீத ஸ்லாப்ல (வரி விகிதப் படியில) செஸ்ஸோட 31.2 சதவீதம்னா சுமார் 1,05,600 மிச்சம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த லீஸ் வாடகைக்குள்ள வட்டி, ஜிஎஸ்டி, இன்ஷூரன்ஸ், லீஸ் கம்பெனியோட லாபம் எல்லாம் இருக்கு, கார் உங்க பேர்லயும் இல்ல. நடுவுல வேலையை விட்டா லீஸை முன்கூட்டியே முடிக்கற தொகை உங்க தலையில வரும், அது சில சமயம் மிச்சம் பிடிச்ச வரியை விட அதிகமா இருக்கும். லீஸ் முடிஞ்சு கார் உங்களுக்கு வரும்போது எந்த விலைக்கு வரும்னு ஒப்பந்தத்துல முதல்லயே பார்த்துடணும். அதோட ஆபீஸுக்கே போகாம வீட்டுலேர்ந்து வேலை பார்த்து, கார் முழுக்க சொந்த வேலைக்குத்தான் ஓடுதுன்னா இந்த 1,800 கணக்கே செல்லாது, ஆகற மொத்தச் செலவும் பெர்க்விசிட். என்னோட கருத்து, கார் எப்படியும் வாங்கத்தான் போறீங்க, இந்த வேலையில குறைஞ்சது லீஸ் காலம் முடியற வரைக்கும் இருப்பீங்க, வருமானம் 20 சதவீத ஸ்லாப்புக்கு மேல இருக்கு, இந்த மூணும் பொருந்தினா மட்டும் எடுங்க. இருபத்து மூணு வயசுல முதல் வேலையில சேர்ந்தவங்களுக்கு இது வேண்டாம்.

அஞ்சாவது: கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். முதலாளி பிஎஃப் போக சம்பளம் 14 லட்சம், அதுல பேசிக் 6 லட்சம், எச்ஆர்ஏ 3 லட்சம், பாஸ்கெட் 2 லட்சம், மீதி ஸ்பெஷல் அலவன்ஸ். சென்னையில மாசம் 20,000 வாடகை.

புது முறையில பாஸ்கெட்டைத் தொடவே இல்லன்னா 75,000 கழிச்சு 13,25,000-க்கு வரி. 20,000 கூட்டல் 40,000 கூட்டல் 18,750, மொத்தம் 78,750, செஸ்ஸோட 81,900.

அதே ஆள் கம்பெனி என்பிஎஸ்ல 14 சதவீதம், அதாவது 84,000, போன் பில்லுல நிஜமா ஆகற 24,000, இந்த ரெண்டை மட்டும் போட்டா வரிக்குரிய வருமானம் 12,17,000. சாதாரணமா இதுக்கு வரி 62,550 வரணும், ஆனா 12 லட்சத்தைக் கொஞ்சமா தாண்டினவங்களுக்கு மார்ஜினல் ரிலீஃப் இருக்கு, தாண்டின தொகைக்கு மேல வரி போகக் கூடாது. தாண்டினது 17,000, அதனால வரி 17,000, செஸ்ஸோட 17,680. பாஸ்கெட்ல 1,08,000-ஐ நகர்த்தினதுக்கு 64,220 ரூபா வரி குறைஞ்சிருக்கு. 12 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல நிக்கறவங்களுக்கு எஃப்பிபி எவ்வளவு முக்கியம்னு இதுலேர்ந்து தெரியும், இந்த எல்லைக்குப் பக்கத்துல இருக்கறவங்க ஒரு கட்டத்தைக் கூட யோசிக்காம விடக் கூடாது.

இப்ப அதே ஆள் பழைய முறையில. எச்ஆர்ஏ விலக்கு 1,80,000, 80சி முழுசா 1,50,000, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000, போன் 24,000, சாப்பாட்டு கார்டு 26,400, என்பிஎஸ் 10 சதவீதம் 60,000. எல்லாம் போக 9,09,600. வரி 94,420, செஸ்ஸோட சுமார் 98,200. இன்னும் 80டில 25,000, எல்டிஏல 30,000 சேர்த்தாலும் 86,700-க்குக் கீழ போகல. இவ்வளவு பில்லு சேர்த்தும் புது முறையை விடப் பல மடங்கு அதிகம். வீட்டுக் கடன் வட்டி, பெரிய வாடகைன்னு இருக்கறவங்களுக்கு விடை மாறலாம், வருமான வரித் துறையோட இணையதளத்துலயே கால்குலேட்டர் இருக்கு, உங்க நம்பரைப் போட்டு ரெண்டு முறையிலயும் பாருங்க. பக்கத்து சீட்டு நண்பர் என்ன எடுத்தாருங்கறது உங்களுக்கு உதவாது, அவரோட வாடகை வேற, பேசிக் வேற.

ஆறாவது: டிக்ளேர் பண்றது, பில் சேர்க்கறது

பெரும்பாலான கம்பெனிகள்ல விண்டோ ஏப்ரல்ல திறக்கும், புதுசா சேர்றவங்களுக்குச் சேர்ந்த கொஞ்ச நாளைக்குத் தனியா ஒரு விண்டோ. நடு வருஷத்துல சேர்ந்தா பாஸ்கெட் தொகை மீதி மாசங்களுக்கு மட்டும்தான், சேர்ற தேதிக்கு முந்தின பில்லு எதுவும் செல்லாது. ஒரு தடவை லாக் ஆனா அடுத்த ஏப்ரல் வரைக்கும் மாத்த முடியாதுன்னு சில இடத்துல கண்டிப்பா இருப்பாங்க, சில இடத்துல மாசாமாசம் மாத்த விடறாங்க. விண்டோ மூடறதுக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட இதைக் கேட்டு மெயில்ல பதில் வாங்கி வச்சுக்கோங்க, கூடவே பில்லு கொடுக்காத தொகை என்ன ஆகும், எப்ப வரும்னும் கேளுங்க.

அந்த மீதித் தொகை போயிடாது, பெரும்பாலும் மார்ச் சம்பளத்துல டாக்ஸபிள் அலவன்ஸா வரும், வரி பிடிச்சுட்டு. பிரச்சனை என்னன்னா வருஷம் பூரா உங்க கையில இருக்க வேண்டிய பணம் மார்ச்லதான் வருது, அதுவும் மொத்தமா டிடிஎஸ் பிடிக்கப்பட்டு, மார்ச் சம்பளம் பாதியா வந்திருக்கேன்னு பதறறவங்க பல பேருக்குக் காரணம் இதுதான். அதனால எவ்வளவு செலவு நிச்சயம் வரும்னு தெரியுதோ அதை விடக் கொஞ்சம் கம்மியாவே போடுங்க.

பில்லுங்களை மாசக் கடைசியில போன்லயே ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சா போதும். டிசம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள ப்ரூஃப் கேட்பாங்க, எச்ஆர்ஏ, எல்டிஏ, 80சி மாதிரி விஷயங்களுக்கு ஃபார்ம் 12பிபி கொடுக்கணும். இதுல முக்கியமான வித்தியாசம் ஒண்ணு இருக்கு. எச்ஆர்ஏக்கோ 80சிக்கோ ப்ரூஃப் கொடுக்க மறந்துட்டா ரிட்டர்ன்ல கேட்டு வாங்கிக்கலாம், பழைய முறையில இருந்தா. ஆனா போன் பில்லு, சாப்பாட்டு கார்டு, கம்பெனி என்பிஎஸ் இதெல்லாம் பேரோல் வழியா போகலன்னா அவ்வளவுதான், அந்தக் காசு சம்பளமா வந்துடுச்சு, ரிட்டர்ன்ல அதைத் திருப்ப வழியே இல்ல. முதல்ல இந்தக் கட்டங்களுக்குக் கவனம் கொடுங்க.

போலி பில்லு பத்தியும் சொல்லியே ஆகணும், ஏன்னா காசு கொடுத்தா வாடகை ரசீது, பெட்ரோல் பில்லு எல்லாம் தயார் பண்ணித் தர்ற ஆளுங்க இருக்காங்க, சீனியர்களே புதுப் பசங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கறாங்க. வருமானத்தைத் தப்பா காட்டினா பிரிவு 270ஏ-படி அந்த வரியில 200 சதவீதம் வரை அபராதம், கூடவே வரி, வட்டி. வேலைக்கும் ஆபத்து. 20,000 மிச்சத்துக்கு இதுல மாட்டாதீங்க. அதே மாதிரி வரிக்காகத் தேவையில்லாத செலவும் பண்ணாதீங்க, 20 சதவீத ஸ்லாப்ல 100 ரூபா செலவு பண்ணினா மிச்சமாகறது 20 ரூபா 80 காசு, மீதி 79 ரூபா 20 காசு உங்க பாக்கெட்லேர்ந்துதான் போகுது.

ஏழாவது: வேலை மாறினா

நடு வருஷத்துல கம்பெனி மாறும்போது பழைய இடத்துல பாக்கி இருக்கற பில்லை எல்லாம் கடைசி வேலை நாளுக்கு முன்னாடியே போட்டுடுங்க, செட்டில்மெண்ட்ல பில்லு இல்லாத தொகைக்கு வரி பிடிச்சுடுவாங்க. புது கம்பெனியில ஃபார்ம் 12பி-ல பழைய சம்பளத்தையும் பிடிச்ச வரியையும் காட்டுங்க. காட்டலன்னா ரெண்டு கம்பெனியுமே தனித்தனியா ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் ஆரம்ப ஸ்லாப்பும் கொடுத்துடுவாங்க, அந்த நேரத்துக்குச் சம்பளம் அதிகமா வர்ற மாதிரி இருக்கும், ஜூலையில ரிட்டர்ன் போடும்போது ஒரு பெரிய தொகையை வட்டியோட கட்டச் சொல்லும். கம்பெனி என்பிஎஸ் கணக்கு மட்டும் நம்பரோட கூடவே வரும், புது எச்ஆர்கிட்ட பிரான் நம்பரை (உங்க என்பிஎஸ் கணக்கு எண்) கொடுத்தா போதும்.

கடைசியா: ஃபார்ம் 16 வந்ததும்

ஜூன் 15-க்குள்ள கம்பெனி ஃபார்ம் 16 (வருஷச் சம்பளத்தையும் பிடிச்ச வரியையும் காட்டற சான்று) தரணும், பெர்க்விசிட் இருந்தா அதோட ஃபார்ம் 12பிஏவும் வரும். அதைத் திறந்து உங்க கார் மதிப்பு மாசம் 1,800-னு பன்னெண்டு மாசத்துக்குச் சரியா வந்திருக்கா, என்பிஎஸ் தொகை 80சிசிடி(2)-ல தனியா இருக்கா, போன் பில்லு ரீஇம்பர்ஸ்மெண்ட் சம்பளத்தோட கலந்து போயிடலையான்னு பே ஸ்லிப்பை வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. தப்பு இருந்தா பேரோல் டீம் திருத்தித் தரலாம், ரிட்டர்ன் போட்டுட்டு அப்பறம் போய்ச் சொல்றதை விட இது சுலபம்.

ரிட்டர்ன்ல முறை மாத்தறதா இருந்தா ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. கம்பெனியில புது முறை சொல்லி 14 சதவீதம் என்பிஎஸ் போட்டுட்டு ரிட்டர்ன்ல பழைய முறைக்குப் போனா தனியார் ஊழியர்களுக்குக் கழிவு 10 சதவீதம்தான், மீதி 4 சதவீதத்துக்கு வரி உண்டு. கம்பெனியில பழைய முறை சொல்லி சாப்பாட்டு கார்டு, எல்டிஏ எல்லாம் வாங்கிட்டு ரிட்டர்ன்ல புது முறைக்குப் போனா அந்த விலக்கு எதுவும் நிக்காது. எல்டிஏ, எச்ஆர்ஏ ஃபார்ம் 16-ல தெரியும், திரும்பச் சேர்த்துடுவீங்க. சாப்பாட்டு கார்டு தொகை அங்க தெரியாமலே போகலாம், அதை பே ஸ்லிப்லேர்ந்து எடுத்து நீங்களா சம்பளத்தோட சேர்க்கணும்.